எக்ஸாஸ்ட் எத்தனை இன்ச்? பைப் வாங்கும் முன் ஒரு பிரஷர் மீட்டர் வாங்குங்கள்

பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி ரீமேப்பும் (எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவது) போட்டாயிற்று என்றால் அடுத்து வருகிற கேள்வி எக்ஸாஸ்ட் எத்தனை இன்ச் என்பதுதான். பதில் சொல்ல இரண்டு கூட்டம் தயாராக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மூன்று இன்ச் போடு என்பது ஒன்று. பேக் பிரஷர் (வெளியேறும் வாயுவுக்கு எக்ஸாஸ்ட் கொடுக்கும் எதிர் அழுத்தம்) போனால் டார்க்கும் (இழுவை) போய்விடும், இரண்டு இன்ச்சைத் தாண்டாதே என்பது மற்றொன்று. இரண்டு கூட்டத்திலும் மீட்டர் வைத்து அளந்து பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. நான் அளந்தேன். ஆராய்ச்சி ஆர்வம் ஒன்றும் கிடையாது, கையில் காசு கம்மி, இருப்பதை எங்கே போட்டால் பலன் கிடைக்கும் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

வண்டி முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர், சிலிண்டருக்கு ஐந்து வீதம் 20 வால்வு, டர்போ. கம்பெனி கொடுத்தது 150 ஹெச்பி, 210 நியூட்டன் மீட்டர். இன்றைய கணக்குக்கு இது பெரிய எண்ணாகத் தெரியாது, ஆனால் ரீமேப் மட்டும் போட்டாலே 190 பக்கம் வந்துவிடும், சின்ன கே03 டர்போவைக் கழற்றிவிட்டு கே04 வகையில் ஒன்றை மாட்டினால் 230, 240 என்று ஏறும். நான் வாங்கும்போதே ரீமேப் இருந்தது. பெரிய டர்போ பிறகு, காசு சேர்ந்ததும். அதனால் எக்ஸாஸ்ட்டை இன்றைய 190-க்குப் பார்க்கக் கூடாது, நாளைய 240-க்குப் பார்க்க வேண்டும். பட்ஜெட்காரர்கள் இதை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் ஒரே பைப்புக்கு இரண்டு தடவை வெல்டிங் கூலி கொடுக்க வேண்டி வரும்.

சரி, கணக்குக்கு வருவோம். ட்யூனிங் செய்பவர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் ஒரு தோராய விதி இருக்கிறது. ஒரு குதிரைத்திறனுக்கு எக்ஸாஸ்ட்டில் நிமிடத்துக்கு 2.2 கன அடி கடத்தும் கொள்ளளவு வேண்டும், நேரான பைப்பில் ஒரு சதுர இன்ச் பரப்பு நிமிடத்துக்கு 115 கன அடி கடத்தும். இதை வைத்து 1.5 மிமீ தடிமன் உள்ள பைப்புக்குப் போட்டுப் பார்த்தால் 2 இன்ச் பைப் 145 ஹெச்பி வரை, இரண்டேகால் இன்ச் 185 வரை, இரண்டரை இன்ச் 230 வரை, மூன்று இன்ச் 340 வரை என்று வருகிறது. இதைத் தாண்டினால் வண்டி நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை, இழப்பு மெல்ல மெல்லக் கூடும். இரண்டரை இன்ச்சில் 260 ஹெச்பி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் ஓட்டுகிறார்கள். வி6, வி8 வைத்திருந்து இரட்டைப் பைப் இழுப்பவர்கள் பரப்பைக் கூட்டிக்கொள்ளலாம், இரண்டரை இன்ச் இரண்டு சேர்ந்தால் மூன்றரை இன்ச் ஒன்றுக்குச் சமம்.

கால் இன்ச், அரை இன்ச் என்று சின்னதாகத் தெரிகிற வித்தியாசம் உள்ளே ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்றால், அதே அளவு வாயுவைத் தள்ளும்போது உராய்வால் ஏற்படும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் மடிக்கு எதிராகப் போகிறது. 2 இன்ச்சிலிருந்து இரண்டரைக்குப் போனால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். இரண்டரையிலிருந்து மூன்றுக்குப் போனால் இன்னொரு இரண்டரை மடங்கு குறையும். முதல் அரை இன்ச்சில் கிடைக்கிற லாபம்தான் பெரிது. அடுத்த அரை இன்ச்சும் லாபம்தான், ஆனால் ஏற்கெனவே குறைந்துபோன ஒன்றிலிருந்து குறைக்கிறோம்.

இந்த இடத்தில் பேக் பிரஷர் கதையை முடித்துவிடலாம். எந்த எஞ்சினுக்கும் பேக் பிரஷர் தேவை இல்லை. டர்போ இல்லாத எஞ்சினில் ஹெட்டரின் (எஞ்சினை ஒட்டிய எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுப்பு) குழாய்கள் சரியான நீளத்திலும் விட்டத்திலும் இருந்தால் வெளியேறும் வாயுவின் வேகமும் அழுத்த அலையும் அடுத்த சிலிண்டரைக் காலி செய்ய உதவும், அங்கே தடியான குழாய் போட்டால் அந்த உதவி போய்விடும், கீழ்ச்சுற்றில் இழுவை குறையும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பேக் பிரஷர் வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். டர்போ காரில் டர்பைனை (எக்ஸாஸ்ட் வாயு சுழற்றும் டர்போவின் சக்கரம்) தாண்டிய பிறகு அந்தக் கணக்கே கிடையாது. டர்பைன் சுழல்வது முன்னாலும் பின்னாலும் உள்ள அழுத்த விகிதத்தில். பின்னால் 1 பிஎஸ்ஐ அழுத்தத்தைக் குறைத்தால், அந்த விகிதம் இரண்டாக இருக்கும் நிலையில், எஞ்சின் பக்கம் சுமார் 2 பிஎஸ்ஐ குறையும். அதனால்தான் டர்போ காருக்கு எக்ஸாஸ்ட் வேலை இவ்வளவு கைமேல் பலன் தருகிறது.

இப்போது மீட்டர். 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டுகிற சாதாரண அழுத்த மானி போதும், சில நூறு ரூபாய்க்கு ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். ஆக்சிஜன் சென்சார் மாட்டும் மரை எம்18, 1.5 பிட்ச். அந்த மரையில் உட்காரும் போல்ட்டின் நடுவே துளை போட்டு ஒரு மீட்டர் நீளத்துக்குச் செம்புக் குழாய், அதைச் சுருள் சுற்றி வெப்பம் ஆற விட்டு, அதற்கப்புறம் ரப்பர் ஹோஸ், கடைசியில் மானி. ஹோஸை நேரடியாக மாட்டினால் உருகும். முன் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் அளப்பது எளிது என்று தோன்றும், ஆனால் சென்சார் இல்லாமல் ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) குழம்பிவிடும். அதற்குப் பதிலாக அதே மரையுள்ள பங் (பைப்பில் வெல்டிங் வைக்கும் மரை வளையம்) தனியாக வாங்கி, டர்போவிலிருந்து இறங்கும் முதல் பைப்பான டவுன்பைப்பில் கேட்டுக்கு (புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர்) முன்னால் ஒன்று, கேட்டுக்குப் பின்னால் ஒன்று, கடைசி சைலன்சருக்கு முன்னால் ஒன்று என்று வெல்டிங் வைத்துக்கொண்டேன். அளக்காதபோது அடைப்பு போல்ட் போட்டு மூடிவிடலாம், மரையில் காப்பர் கிரீஸ் தடவ மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் அடுத்த தடவை வராது.

அளப்பது முழு ஆக்சிலேட்டரில், மூன்றாவது கியரில், ரெட்லைன் (எஞ்சின் சுற்றின் உச்ச வரம்பு) வரை. இதை கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் செய்கிற வேலையாக நினைக்க வேண்டாம். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சுமார் 2 கிலோமீட்டர் டிராக், டிராக் டே நடக்கும் நாளில் போனால் போலீஸ் பயமும் இல்லை, எதிரே டிராக்டர் வருமோ என்ற பயமும் இல்லை. பக்கத்து சீட்டில் ஒருவர் மானியைப் பார்த்துக்கொண்டு, செல்போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது, பிறகு சாவகாசமாக சுற்றையும் அழுத்தத்தையும் ஒப்பிடலாம்.

என் வண்டியில் கிடைத்தது இப்படி: கேட்டுக்கு முன்னால் 7 பிஎஸ்ஐ சுமார். கேட்டுக்குப் பின்னால் நாலரை. கடைசி சைலன்சருக்கு முன்னால் ஒன்றரைக்கும் கீழே. கழித்துப் பார்த்தால் பழைய கேட் மட்டும் இரண்டரை தின்கிறது, நடுப் பைப் மூன்று தின்கிறது. எல்லோரும் முதலில் கை வைக்கிற கடைசி சைலன்சர் குற்றவாளியே இல்லை. மூன்று பங் இல்லாமல் ஒரே இடத்தில் அளந்திருந்தால் மொத்தம் 7 என்று மட்டும் தெரிந்திருக்கும், எதை மாற்றுவது என்று தெரிந்திருக்காது.

நடுப் பைப் ஏன் மூன்று தின்கிறது என்பதுதான் வேடிக்கை. வண்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் 4 இன்ச் டிப் பளபளவென்று நிற்கும். பழைய ஓனர் யாரோ சொல்லி ‘இரண்டரை இன்ச்’ என்று போட்டிருந்தார். நேரான இடத்தில் வெளிவிட்டம் 63 மிமீ, அதில் பொய் இல்லை. பின் ஆக்சிலைத் தாண்டி வளைகிற இடத்தில் அது மண்டரல் வளைவு (உள்ளே தாங்கு கொடுத்து, விட்டம் சுருங்காமல் வளைப்பது) இல்லை, சாதாரண பைப் பெண்டிங் மெஷினில் அமுக்கி வளைத்தது. உள்பக்கம் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, வெர்னியரை வைத்தால் குறுக்கே 41 மிமீ. அப்படிப்பட்ட வளைவு ஒன்றுக்கு மேல். ஆறு வழிச் சாலையில் ஒற்றை பூத் திறந்த சுங்கச்சாவடி மாதிரி, மிச்ச சாலை எவ்வளவு அகலமாக இருந்து என்ன?

அதனால் நான் எடுத்த முடிவு: டவுன்பைப் மூன்று இன்ச், புதிய கேட், அதற்குப் பின்னால் இரண்டரை இன்ச் ஒழுங்கான வளைவுகளோடு கடைசி வரை. முழுக்க மூன்று இன்ச் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று நண்பர்கள் கேட்டார்கள். டர்போவை விட்டு வரும்போது வாயு சுமார் 700 டிகிரி, பின்பக்கம் போய்ச் சேரும்போது முழு ஓட்டத்திலும் 400 வாக்கில் இறங்கியிருக்கும். வெப்பம் குறைந்தால் கன அளவும் குறையும், கெல்வினில் போட்டுப் பார்த்தால் பின்னால் வாயுவின் கன அளவு முன்னால் இருந்ததில் ஏறக்குறைய 69 சதவீதம். இரண்டரை இன்ச்சின் உள்பரப்பு மூன்று இன்ச்சின் உள்பரப்பில் 68 சதவீதம். அதாவது வாயு ஒரே வேகத்தில்தான் போகிறது. 240 ஹெச்பிக்கு இந்தக் கலவை போதும், 300-க்கு மேல் போகிறவர்கள் முழுக்க மூன்று போட்டுக்கொள்ளட்டும்.

நம் ஊர் ஸ்பீட் பிரேக்கரும் இதில் ஒரு காரணம். மூன்று இன்ச் பைப் இரண்டரையைவிட 13 மிமீ தடி. ஆக்டேவியாவில் பைப் பின் ஆக்சில் பீமுக்கு மேலே ஏறிப் போக வேண்டும், கீழே இறக்கினால் உரசும், மேலே ஏற்றினால் தளத்தில் தட்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. லிஃப்ட்டில் ஏற்றினால் சக்கரம் தொங்கி ஆக்சில் கீழே இறங்கிவிடும், பைப்புக்கும் பீமுக்கும் நடுவே கை விடுகிற அளவு இடம் தெரியும். நான்கு பேர் ஏறி, டிக்கியில் சாமானும் ஏற்றிப் பள்ளத்தில் விட்டால் அந்த இடம் காணாமல் போகும். அதனால் பைப்பைப் பொட்டு வைத்து (ஆங்காங்கே சின்ன வெல்டிங் போட்டு) நிறுத்தும் கட்டத்தில் வண்டி தன் சக்கரத்தில் நிற்க வேண்டும், ரேம்ப்பில் ஏற்றியோ பின் சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்தோ செய்யலாம். முழு வெல்டிங் அதற்குப் பிறகு.

பைப் எங்கே வாங்குவது என்பதில்தான் காசு மிச்சமாகிறது. வெளிநாட்டுக் கிட் வரவழைத்தால் சரக்குக் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து வண்டி விலையோடு போட்டி போடும். ரெடிமேட் மண்டரல் வளைவுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன, விலை கொஞ்சம் கூட. நான் போனது பால் பண்ணைக்கும் உணவுத் தொழிற்சாலைக்கும் எஸ்எஸ் குழாய் விற்கிற கடைக்கு. அந்தத் துறையில் குழாயை வெளிவிட்ட அளவில்தான் சொல்வார்கள்: 38, 51, 63.5, 76 மிமீ. நமக்கு வேண்டிய ஒன்றரை, இரண்டு, இரண்டரை, மூன்று இன்ச் அப்படியே. 90 டிகிரி, 45 டிகிரி வளைவுகள் தனியாகக் கிடைக்கும், பால் தங்கக் கூடாது என்பதற்காக உள்ளே வழவழவென்று, எங்கேயும் சுருங்காமல் இருக்கும். தடிமன் ஒன்றரை மிமீ சுற்றி. எக்ஸாஸ்ட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அதே சமயம் சாதாரண பிளம்பிங் பைப் கடையில் போய் ‘இரண்டரை இன்ச் எஸ்எஸ் பைப் கொடுங்க’ என்று கேட்டால் வருவது வேறு சங்கதி. அங்கே சொல்லும் இன்ச் பெயரளவுதான், 2 இன்ச் என்றால் வெளிவிட்டம் 60.3 மிமீ, 3 இன்ச் என்றால் 88.9 மிமீ. சுவரும் தடி, எடை கூடும், எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சோ கிளாம்ப்போ எதிலும் உட்காராது. கடைக்குப் போகும்போது வெர்னியரைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போங்கள், இன்ச்சை மறந்துவிட்டு மிமீ கேளுங்கள்.

இரும்பா எஸ்எஸ்ஸா? உண்மையில் பட்ஜெட் ரொம்ப இறுக்கம் என்றால் சாதாரண இரும்பு பைப்பே போதும், கோயம்புத்தூர் மாதிரி வறண்ட ஊரில் சில வருடம் தாங்கும், சென்னை கடற்கரைப் பக்கம் என்றால் யோசிக்க வேண்டும். எஸ்எஸ் என்றால் 304 ரகம் கேட்டு வாங்க வேண்டும், மட்டமான 202-ஐ 304 என்று தள்ளிவிடுவது சகஜம். காந்தம் வைத்துப் பார்த்தேன் ஒட்டவில்லை, எனவே 304 என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம், 202-லும் ஒட்டாது. சோதிக்கும் திரவத்தைச் சொட்டு விட்டு நிறம் பார்க்கிற முறை இருக்கிறது, நல்ல கடைக்காரர் தானே செய்து காட்டுவார். இன்னொரு பக்கம், கம்பெனி எக்ஸாஸ்ட்டில் வருகிற 409 காந்தத்தில் ஒட்டும், அதனால் அது மட்டம் என்றும் நினைத்துவிடக் கூடாது, வெப்பத்தில் குறைவாக விரியும், அந்த வேலைக்கென்றே உள்ள ரகம்.

வெல்டிங் கணபதி பகுதியில் ஒரு அண்ணாவிடம். அவர் கார் வேலை செய்கிறவர் அல்ல, பால் டேங்க்கும் டையிங் மெஷினும் செய்கிறவர். ஆர்கான் வெல்டிங் என்றால் அந்த ஆட்கள்தான். கார் எக்ஸாஸ்ட் என்றதும் முதலில் தயங்கினார். ‘ஏனுங் தம்பி, பால் லைன்னா உள்ளயும் பார்ப்பாங்க, இதுக்கு வெளிய அழகா இருந்தாப் போதும்ல?’ என்றார். ‘போதாதுங்ணா, இதுக்கும் உள்ளதான் முக்கியம்’ என்றதும் சிரித்துக்கொண்டே இரண்டு முனையையும் அலுமினிய ஃபாயிலால் மூடி டேப் ஒட்டி, உள்ளேயும் ஆர்கான் விட ஆரம்பித்தார். அப்படி விடாமல் வைத்தால் வெளியே வானவில் நிறத்தில் அழகாக இருக்கும் வெல்டிங், உள்ளே கருகிச் சொரசொரவென்று பொங்கியிருக்கும், காற்றையும் தடுக்கும், அதிர்வில் அங்கேயே விரிசலும் விடும். வெல்டிங் கம்பி 304-க்கு 308எல் ரகம். டர்போ பக்கத்து ஃபிளாஞ்ச் உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடுத்த 10 மிமீ இரும்புத் தகட்டில், புதிய கேஸ்கெட்டையே மாதிரியாகக் கொடுத்து லேசர் கட்டிங்கில் வெட்டியது. இரும்பையும் எஸ்எஸ்ஸையும் சேர்க்கிற அந்த ஒரு இடத்துக்கு 309எல் கம்பி.

ஃபிளாஞ்சை வெல்டிங் செய்யும்போது ஒரு தடித்த தகட்டில் போல்ட் போட்டு இறுக்கி வைத்துச் செய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வளைந்து, எத்தனை கேஸ்கெட் போட்டாலும் ஊதும். 304 எஸ்எஸ் நூறு டிகிரிக்கு மீட்டருக்கு 1.7 மிமீ விரியும். இரண்டரை மீட்டர் பைப் சராசரியாக 350 டிகிரி சூடேறினால் 15 மிமீ நீளும். அந்த நீட்டத்துக்கு இடம் விட வேண்டும்: ரப்பர் ஹேங்கர்கள் பின்பக்கம் சாய இடம், பம்பர் கட்டிங்கில் இடைவெளி, எஞ்சின் ஆடுவதற்கு டவுன்பைப்புக்குப் பின்னால் ஒரு ஃபிளெக்ஸ் (வளைந்து கொடுக்கும் குழாய்த் துண்டு). ஃபிளெக்ஸ் வாங்கும்போது உள்விட்டத்தை அளந்து பாருங்கள், மலிவானவற்றில் மூன்று இன்ச் என்று எழுதியிருக்கும், உள்ளே லைனர் சேர்ந்து 66, 68 என்று நிற்கும். லைனர் இல்லாத வெறும் பெல்லோஸ் இன்னும் மோசம், வாயு கொந்தளித்துப் போகும், சீக்கிரம் கிழியும்.

மொத்தச் செலவில் பாதி கேட்டுக்கே போனது. 200 செல் (சதுர இன்ச்சுக்கு 200 துளை) உலோக கேட். கேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வெறும் பைப் வைத்தால் அந்தக் காசு மிச்சம் என்று எல்லா கராஜிலும் சொல்வார்கள். பொதுச்சாலையில் ஓடுகிற வண்டி, நான் அதைச் செய்யவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 190(2) பிரிவில் சத்தத்துக்கும் புகைக்கும் 2019 திருத்தத்துக்குப் பிறகு 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். எக்ஸாஸ்ட்டை மாற்றுவதே சாலையில் கேள்விக்குரிய விஷயம் என்பதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். கேட் இருந்தால் புகைச் சோதனையில் தேறலாம், பின்னால் வருகிறவன் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை, கேட் வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 எரர் கோடும் பெரும்பாலும் வராது. நல்ல 200 செல் கேட் இந்தச் சக்தியில் எடுத்துக்கொள்வது ஒரு பிஎஸ்ஐக்கும் கீழே, அதற்காகச் சட்டத்தோடு மல்லுக்கட்டுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

சத்தம் இன்னொரு தலைவலி. டர்போ தன் பங்குக்குச் சத்தத்தைக் குறைக்கும், ஆனால் நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் 2,700 சுற்றில் போகும்போது காதுக்குள் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் ஒன்று கேட்கும், அதைத்தான் டிரோன் என்கிறார்கள். நான்கு சிலிண்டருக்கு அந்தச் சுற்றில் வெடிப்பு அதிர்வெண் 90 ஹெர்ட்ஸ். அதை அடக்க ஒரு முனை மூடிய கிளைக்குழாய் வைக்கிற முறை உண்டு, நீளம் அந்த ஒலியின் அலைநீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும். பைப்புக்குள் சூட்டில் ஒலி வேகமாகப் போவதால் நீளம் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் வருகிறது. இந்த வண்டிக்கு அடியில் அத்தனை இடம் எங்கே இருக்கிறது? அதனால் நடுவில் ஒரு நீளமான நேர்வழி ரெசனேட்டர், பின்னால் நேர்வழி சைலன்சர். சைலன்சரைத் திறந்து பார்க்கிற வாய்ப்பு கிடைத்தால் துளைக்குழாயைச் சுற்றி முதலில் எஸ்எஸ் நார் சுற்றி அதற்கு மேல் கண்ணாடி நார் அடைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், வெறும் கண்ணாடி நார் சீக்கிரம் எரிந்து டிப் வழியாகவே போய்விடும், அப்புறம் உள்ளே வெறும் டப்பா. டிரோன் முழுக்கப் போகவில்லை. பாலக்காடு வரைக்கும் பேசிக்கொண்டே போகலாம், தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனால் திட்டு விழும், அந்த அளவில் இருக்கிறது.

மாட்டி முடித்து அதே டிராக்கில், அதே கியரில் அளந்ததில் கேட்டுக்கு முன்னால் இரண்டரை பிஎஸ்ஐ. ஏழு இரண்டரை ஆனது. டர்போ இருநூறு, முந்நூறு சுற்றுக்கு முன்னாலேயே எழுகிறது, 5,000-க்கு மேல் மூச்சு வாங்கிய எஞ்சின் இப்போது 6,000 வரை இழுக்கிறது.

ஆனால் மாட்டிய அன்றே முழுசாக மிதித்துவிடக் கூடாது. எக்ஸாஸ்ட் திறந்தால் டர்போ வேகமாகச் சுழலும், டர்போவோடு வருகிற சின்ன வேஸ்ட்கேட் வால்வு உபரி வாயுவைக் கடத்த முடியாமல் போனால் மேல்சுற்றில் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம்) தானாக ஏறிக்கொண்டே போகும். இந்த வகை ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா எஞ்சின்களில் கண்டறியும் மென்பொருளில் 115-வது அளவீட்டுத் தொகுதியைத் திறந்தால் ஈசியு கேட்ட பூஸ்ட்டும் உண்மையில் வந்த பூஸ்ட்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். மாற்றுவதற்கு முன் ஒரு லாக், மாற்றிய பின் பாதி ஆக்சிலேட்டரில் ஆரம்பித்து இன்னொரு லாக். எனக்குக் கொஞ்சம்தான் ஏறியது, மேப்பில் சரிக்கட்ட முடிந்தது. ட்யூனரிடம் எக்ஸாஸ்ட் மாற்றப் போகிறேன் என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் மறுபடி மேப் போடுவதை இலவசமாகவோ பாதி விலையிலோ செய்து தருவார், பேரம் பேசிப் பாருங்கள்.

டர்போ இல்லாத வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நண்பன் ஒருவன் பழைய ஹோண்டா சிட்டி விடெக் வைத்திருக்கிறான், 1.5 லிட்டர், 106 ஹெச்பி. என்னுடையதைப் பார்த்துவிட்டு அவனுக்கும் இரண்டரை இன்ச் ஆசை. மேலே சொன்ன கணக்கில் அவனுக்கு 2 இன்ச்சே 145 வரை தாங்கும். அவனுடைய பைப்பிலும் பங் வைத்து அளந்தோம், முழு ஓட்டத்தில் ஒன்றரை பிஎஸ்ஐயைத் தொடவில்லை. டர்போ இல்லாத வண்டியில் அந்த அளவு பரவாயில்லை ரகம், அதில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்தக் காசுக்கு நல்ல டயர் போடு என்றேன், கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு டயர்தான் போட்டான்.

மாட்டிய புதிதில் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு ஒருமுறை, இன்னும் கொஞ்ச நாள் ஓடியபின் இன்னொரு முறை இறுக்க வேண்டும், கிளாம்ப்புகளும் அப்படியே. வி-பேண்ட் கிளாம்ப் விலை கூடத்தான், ஆனால் டவுன்பைப்புக்கும் கேட்டுக்கும் நடுவில் மட்டுமாவது போட்டுக்கொள்ளுங்கள், அடுத்த தடவை கழற்றும்போது கிரைண்டர் எடுக்க வேண்டியிருக்காது. மூன்று பங்கையும் அடைப்பு போல்ட் போட்டு அப்படியே விட்டிருக்கிறேன். கே04 ஏறியதும் மறுபடி அளப்பேன், கேட்டுக்கு முன்னால் 4-ஐத் தாண்டினால் அடுத்து கை வைக்கப் போவது எந்தத் துண்டில் என்பதை அந்த மூன்று எண்களே சொல்லிவிடும்.